விறகடுப்பில் வாசனைத் தைலம் இறக்குவது: முதல்முறை செய்பவர்களுக்கு

சித்த வைத்தியத்தில் தீநீர் இறக்குவது என்று ஒரு வேலை உண்டு. ஓமத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வாலை என்ற வடிக்கும் பாத்திரத்தில் ஏற்றி, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். ஊட்டிப் பக்கம் நீலகிரித் தைலம் காய்ச்சுகிறவர்கள் செய்வதும், உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். ஒரு பானை, ஒரு குழாய், ஒரு தண்ணீர்த் தொட்டி, காய்ந்த விறகு. இவ்வளவு இருந்தால் தோட்டத்தில் நீங்களும் செய்யலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அடுப்பின் முன்னால்தான் போய் உட்காருகிறார்கள். உட்கார வேண்டிய இடம் குழாயின் மறுமுனை. அங்கே சொட்டுகிற தண்ணீரின் சூடும் வேகமும்தான் அடுப்பில் விறகை இழுக்க வேண்டுமா, தள்ள வேண்டுமா என்று சொல்லும். தைலம் வீணாவது பெரும்பாலும் தீ போதாமல் இல்லை. தீ மிஞ்சி, தண்ணீர் போதாமல்தான்.

ஏன் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைக்கிறோம்? எலுமிச்சைப்புல்லின் வாசனைக்குக் காரணமான சிட்ரால் தனியாகக் கொதிக்க 229 டிகிரி வேண்டும். நீலகிரித் தைலத்தின் வாசனைக்குக் காரணமான சினியோலுக்கு 176 டிகிரி. அந்தச் சூட்டில் நேரடியாக வாட்டினால் இலை கருகி, தைலத்தில் புகை நாற்றம் ஏறிவிடும். ஆனால் தண்ணீரோடு கலக்காத ஒரு எண்ணெய், தண்ணீரோடு சேர்ந்து சூடாகும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடிக்கொள்ளும். அதனால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து ஆவியாகி வெளியே வரும். பானையில் தண்ணீர் இருக்கும் வரை இலை 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது. தண்ணீர் வற்றினால்தான் ஆபத்து.

முதலில் எந்தச் செடி?

எலுமிச்சைப்புல்லோடு தொடங்குங்கள். மன்னிக்கிற குணம் உள்ள பயிர் அது. எளிதாகத் தைலம் விடும், தைலம் தெளிவாக மேலே மிதக்கும், வாசனையை வைத்தே எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாற்று வாங்குவதென்றால் கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஓடி-19 என்ற 'சுகந்தி' ரகம் நன்றாக வரும். வீட்டில் டீக்குப் போட வளர்க்கிற புல்லும் சரிதான்.

இரண்டாவதாக, நீலகிரித் தைலம் தரும் தைல மர (யூக்கலிப்டஸ்) இலை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த மரம் இது. விறகுக்காக நட்டதுதான் பிறகு தைலத் தொழிலாகவும் ஆனது. பச்சை இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குத் தைலம் இருக்கும் என்பதால் கை நிறைந்த மாதிரி இருக்கும். சமவெளியில் காகித ஆலைக்காக வளர்க்கிற தைல மரம் வேறு இனம். அதில் சினியோல் குறைவாக இருக்கலாம், வாசனையும் மாறும். காட்டு மரத்தில் இலை பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும், உங்கள் தோட்டத்து மரம் என்றால் பிரச்சினையில்லை.

மல்லிகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் மதுரை மல்லியில்தான் ஆரம்பிக்க நினைக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் அதன் மென்மையான வாசனை சிதைந்துவிடும், கிடைப்பதும் அற்பம். தமிழ்நாட்டில் மல்லிகைச் சாறு எடுக்கும் ஆலைகள் கரைப்பான் ஊற்றித்தான் எடுக்கின்றன. சந்தனத்தையும் தொடாதீர்கள், அந்த மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் அரசு விதிகள் இருக்கின்றன.

பாத்திரமும் குழாயும்

50 லிட்டர் கொள்ளளவுள்ள எவர்சில்வர் அல்லது செம்புத் தவலை போதும். அலுமினியம் வேண்டாம், தகர டின் வேண்டவே வேண்டாம். பழைய பிரஷர் குக்கரில் குழாய் மாட்டிச் செய்யலாமா என்று கேட்பார்கள். அதன் வெயிட் போடும் துவாரம் மிகச் சின்னது. ஒரு இலைத் துண்டு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எனக்கு அது பிடிக்காது.

தவலைக்குள், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இட்லித் தட்டு மாதிரி ஓட்டை போட்ட ஒரு தட்டை நிறுத்துங்கள். தண்ணீர் தட்டுக்குக் கீழே, புல் தட்டுக்கு மேலே. கன்னோஜில் பூவைத் தண்ணீரிலேயே மிதக்க விட்டுக் காய்ச்சுகிறார்கள். பூவுக்கு அது சரி, ஆவி நேராகப் பாய்ந்தால் இதழ்கள் உருண்டு கட்டியாகிவிடும். இலைக்கும் புல்லுக்கும் தட்டு முறைதான் நல்லது, அடிப்பிடிக்காது.

மூடியின் நடுவில் ஒரு அங்குலத்துக்குக் குறையாத குழாய். அது முதலில் சற்று மேலேறி, பிறகு தொடர்ச்சியாகக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி ஆவியை மறிக்கும். குளிர்தொட்டிக்குள் முக்கால் அங்குலச் செம்புக் குழாயை மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்குச் சுருளாக இறக்குங்கள். ஏசி பழுது பார்ப்பவர்களிடம் சொன்னால் நசுங்காமல் சுற்றித் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் குழாய் எதுவும் கூடாது. சூடான தைலம் அவற்றைக் கரைத்து, தைலத்திலும் அந்த வாடை வந்துவிடும்.

அடுப்பை மேட்டிலும் தொட்டியைப் பள்ளத்திலும் வைத்தால் எல்லாம் தானாக இறங்கும். சரிவான நிலம் இல்லையென்றால் அடுப்பைச் செங்கல்லால் உயர்த்திக் கட்டுங்கள். தைலம் பிடிக்கிற பாத்திரம் அடுப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி, காற்று அடுப்பை நோக்கி வீசாத பக்கம் இருக்கட்டும். நீலகிரித் தைலத்தின் ஆவி சுமார் 50 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள், தைலத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொரு விஷயம். தவலை, சுருள் குழாய், விறகடுப்பு இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது சாராயம்தான். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937லிருந்து இருக்கிறது, சாராயம் காய்ச்சும் சாதனம் வைத்திருப்பதே குற்றம். திறந்த இடத்தில், பகலில், புல் கட்டு கண்ணில் படும்படி செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நிம்மதி. வெல்லம், பழம், புளித்த எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

வெறும் தண்ணீர் ஓட்டம்

புதுப் பாத்திரத்தில் நேராகப் புல்லைப் போடாதீர்கள். முதலில் பத்து லிட்டர் தண்ணீரும் ஒரு கோப்பை வினிகரும் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். செம்புக் குழாயிலிருந்து பச்சையாகவோ நீலமாகவோ முதல் தண்ணீர் வரும், அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. இந்த ஓட்டத்திலேயே எங்கே ஆவி கசிகிறது, தொட்டி எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது என்றெல்லாம் தெரிந்துவிடும். தைலம் போகாமல் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

புல்லைத் தயார் செய்வது

மழை பெய்த மறுநாள் அறுக்க வேண்டாம். வெயில் நாளில், பனி காய்ந்த பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். நட்ட முதல் அறுப்பு நான்கைந்து மாதம் கழித்து. அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் பரப்பி வாடவிட்டால் ஈரம் குறைந்து தவலையில் அதிகம் கொள்ளும், விறகும் மிச்சம். வெயிலில் போட்டால் தைலம் பறந்துவிடும். குவித்து வைத்தால் உள்ளே புழுங்கி அழுகல் வாடை வரும்.

விரல் நீளத் துண்டுகளாக நறுக்கித் தவலையில் அடுக்குங்கள். எட்டு கிலோ அளவு பிடிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துவது முக்கியம். ஒரு பக்கம் தளர்வாக இருந்தால் ஆவி அந்த வழியாகவே ஓடிப்போய், மற்ற பக்கத்துப் புல் வேகாமல் பச்சையாகக் கிடக்கும். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். தட்டுக்குக் கீழே 12 லிட்டர் தண்ணீர். கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீர் நல்லது.

மூடியை வைத்து விளிம்பைச் சுற்றி கோதுமை மாவுப் பசையால் அடையுங்கள். சித்த வைத்தியர்கள் துணியில் மண் குழைத்துச் சீலைமண் செய்வார்கள்; கன்னோஜிலும் பஞ்சும் களிமண்ணும்தான். நான் மாவையே விரும்புகிறேன். குழாயில் ஏதாவது அடைத்து அழுத்தம் ஏறினால் முதலில் பிய்த்துக்கொண்டு போவது இந்தப் பசைதான், தவலை தப்பிக்கும். அதனால் மூடியைக் கம்பி போட்டு முறுக்கி இறுக்கக் கூடாது. ஒரு செங்கல் பாரம் போதும்.

தீயை நடத்துவது

வைத்தியச் சுவடிகளில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று பிரிப்பார்கள். விளக்குச் சுடர் அளவு, தாமரை விரிந்தாற்போல் நடுத்தரம், காட்டுத்தீ போல மூர்க்கம். தைலம் இறக்கும்போது கமலாக்கினியில் தொடங்கித் தீபாக்கினிக்கு வர வேண்டும். காடாக்கினிக்கு இங்கே வேலையே இல்லை.

நன்றாகக் காய்ந்த, கைத்தடி பருமனுள்ள விறகாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டையில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. சுள்ளியாகவே போட்டால் நாள் முழுக்க ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஓட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பிடிக்கலாம். ஊட்டியில் காய்ச்சிய இலைச் சக்கையையே காயவைத்து அடுப்புக்குப் போடுவார்கள், உங்கள் இரண்டாவது ஓட்டத்திலிருந்து நீங்களும் அப்படிச் செய்யலாம்.

தவலை சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். மூடியைத் தொட்டால் சுடும், அப்புறம் குழாய் படிப்படியாகச் சுட்டுக்கொண்டே தொட்டியை நோக்கி வரும். குழாயின் முதல் வளைவு சுட்டவுடனே இரண்டு விறகை வெளியே இழுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இன்னும் சொட்டவே இல்லையே' என்று மேலும் விறகைத் திணித்தால், ஐந்தே நிமிடத்தில் ஆவி அடக்க முடியாமல் வரும்.

முதல் சொட்டு விழுந்ததும் மறுமுனைக்குப் போய் உட்காருங்கள். 200 மில்லி டம்ளரைக் குழாயின் கீழே பிடித்துப் பாருங்கள். நிறைய ஐந்து நிமிடம் ஆனால் தீ சரியாக இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் தீ அதிகம், பத்து நிமிடம் ஆனால் குறைவு. வரும் நீரை விரலில் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. குழாய் வாயில் புகை மாதிரி வெண்மையாகத் தெரிந்தால் அது குளிராத ஆவி, உங்கள் தைலமும் அதோடு போய்க்கொண்டிருக்கிறது. ஊரே மணக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த மணம் பாட்டிலுக்குள் இருந்திருக்க வேண்டியது.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறிக் குளிர, சுமார் 600 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தொட்டித் தண்ணீர் 25 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால், ஒரு லிட்டர் வடிநீருக்கு 24 லிட்டர் குளிர்நீர். மூன்று மணி நேரத்தில் ஆறேழு லிட்டர் வடியும் என்றால் 150 லிட்டருக்கு மேல் வேண்டும். 100 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். சூடான தண்ணீர் தொட்டியின் மேல்பகுதியில்தான் நிற்கும். எனவே ஓஸ் பைப்பின் நுனியைத் தொட்டியின் அடியில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், மேலே வழிவது சூடான தண்ணீராக இருக்கும். மேலேயிருந்து ஊற்றினால் குளிர்ந்ததும் சூடானதும் கலந்து இரண்டுக்கும் உபயோகமில்லாமல் போகும்.

குழாயின் நுனி பிடிக்கிற பாத்திரத்தின் நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. தீ திடீரென்று தணிந்தால் தவலைக்குள் ஆவி சுருங்கி, வடித்ததையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தத் தீக் கணக்கை மனிதர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று பார்க்கக் கன்னோஜுக்குத்தான் போக வேண்டும். அங்கே சுருள் குழாய் இல்லை, வெப்பமானி இல்லை. 'தேக்' என்ற செம்புத் தவலை, கயிறு சுற்றிய மூங்கில் குழாய், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் 'பப்கா' என்ற செம்புக் குடம். குடத்துக்குள் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள், பூவின் ஆவி அதில் போய் ஒடுங்கும். தொழிலாளி தொட்டிக்குள் கையை விட்டுக் குடத்தைத் தடவிப் பார்த்தே எவ்வளவு ஆவி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். போதும் என்று பட்டால் ஈரத்துணியால் தவலையைத் துடைத்துக் கொதியை அடக்கிவிட்டுக் குடத்தை மாற்றுவார். சுட்ட களிமண்ணை இப்படி வடித்து முதல் மழையின் மண்வாசனையை அத்தராக எடுக்கிறார்கள். சந்தன எண்ணெய் விலை ஏறியபின் பலர் பாரஃபின் திரவத்துக்கு மாறிவிட்டார்கள், கடையில் 'அத்தர்' என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த வகைதான். ஈரத்துணி வித்தையை மட்டும் நாமும் எடுத்துக்கொள்ளலாம்: தீ கைமீறினால் விறகை இழுப்பதோடு, ஈரச் சாக்கால் தவலையின் தோளைத் துடைத்தால் கொதி உடனே இறங்கும்.

எப்போது நிறுத்துவது?

எலுமிச்சைப்புல்லுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் டம்ளரில் பிடித்த நீரின் மேல் எண்ணெய்ப் புள்ளியே தெரியாது. அதோடு நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை எடுக்கிறேன் என்று நீட்டினால் வேகவைத்த வைக்கோல் வாடைதான் சேரும், தண்ணீரும் வற்றி அடிப்பிடிக்கும்.

நிறுத்தும்போது விறகை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும்.

பிரித்தெடுப்பது

எட்டு கிலோ புல்லுக்கு 25 முதல் 30 மில்லி தைலம் எதிர்பார்க்கலாம். முதல்முறை அதில் பாதி கிடைத்தாலே சரி. நீண்ட, கழுத்துக் குறுகிய கண்ணாடி ஜாடியில் வடிநீரை ஊற்றி ஒரு இரவு அசையாமல் வைத்தால் மஞ்சள் நிறத் தைலம் மேலே திரண்டு நிற்கும். ஜாடியின் அடிவரை போகும் ஒரு மெல்லிய கண்ணாடிப் புனல் வழியாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தைலம் கழுத்துக்கு ஏறிவரும், அங்கிருந்து சொட்டுக்குழலால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அடிக்கடி செய்வதென்றால் அடியிலிருந்து வளைந்து மேலேறும் வடிகுழாய் உள்ள பாத்திரம் செய்துகொள்ளுங்கள். தண்ணீர் தானாக வழிந்து போகும், தைலம் உள்ளேயே தங்கும்.

எல்லாத் தைலமும் மிதக்காது. கிராம்புத் தைலமும் இலங்கையில் வடிக்கிற கறுவா இலைத் தைலமும் தண்ணீரைவிடக் கனமானவை, அடியில் போய் நிற்கும். மேலே ஒன்றும் இல்லையே என்று ஜாடியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

பிரித்த தைலத்தில் ஈரம் இருந்தால் மங்கலாகத் தெரியும். இரண்டு நாள் வைத்துத் தெளிய விடுங்கள், அல்லது ரசாயனக் கடையில் கிடைக்கும் ஈரமற்ற சோடியம் சல்பேட்டை ஒரு சிட்டிகை போட்டு வடிகட்டுங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, இருட்டில் வையுங்கள். பாதி காலியான பாட்டிலில் காற்று பட்டு சிட்ரால் கெட்டுப்போகும். மிஞ்சிய வடிநீரிலும் வாசனை இருக்கும், தரை துடைக்க நன்றாக உதவும். அடுத்த ஓட்டத்துக்குத் தவலையிலேயே ஊற்றினாலும் நல்லது, அதில் கரைந்திருந்த தைலம் திரும்பக் கிடைக்கும்.

புதிதாக வடித்த நீலகிரித் தைலத்தை முகர்ந்தால் இருமல் வரும். கூடவே வடிந்த சில ஆல்டிஹைடுகள்தான் காரணம். ஆலைகள் மறுபடி வடித்து அவற்றை நீக்குகின்றன. மருந்துத் தரத்துக்கு 70 சதவீத சினியோலாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் வடித்ததை அப்படியே நெஞ்சில் தேய்ப்பது, ஆவி பிடிப்பது எல்லாம் வேண்டாம். எலுமிச்சைப்புல் தைலமும் நேரடியாகத் தோலில் பட்டால் எரியும், தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஒன்று என்று கலந்தால் போதும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. நீலகிரித் தைலம் ஓரிரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். விற்கப் போகிறீர்கள் என்றால், அழகுப் பொருளாகவோ மருந்தாகவோ விற்க உரிமம் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு பிறகு லேபிள் ஒட்டுங்கள்.

ஓட்டம் முடிந்த அன்றே தவலையைக் கழுவிவிடுங்கள். சுருள் குழாயைக் கழுவ, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணி நேரம் ஆவி விட்டாலே போதும். இந்த முறை மட்டும் தொட்டியில் தண்ணீர் வேண்டாம், குழாய் முழுக்கச் சூடான ஆவி ஓடினால்தான் ஒட்டியிருக்கும் பிசின் இளகி வரும். இதைச் செய்யாமல் அடுத்த வாரம் துளசி வடித்தால் அது எலுமிச்சை மணக்கும்.

புல்லும் தைல மர இலையும் கை வந்தபிறகு வெட்டிவேருக்கு வாருங்கள். கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் விளைவது நல்ல வேர். மண் போகக் கழுவி, நறுக்கி, ஒரு இரவு ஊறவைத்து ஏற்ற வேண்டும். அதன் தைலம் கெட்டியானது, மெதுவாகத்தான் வெளியே வரும். 12 மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது, பலர் ஒரு பகல் ஒரு இரவு ஓட்டுகிறார்கள். அவ்வளவு நேரத்துக்கு 12 லிட்டர் தண்ணீர் காணாது என்பதால் தவலையில் இடையே வெந்நீர் சேர்க்க ஒரு தனித் துவாரம் வேண்டும். குளிர்தொட்டியையும் அளவுக்கு மீறிக் குளிரவைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் தைலம் சுருளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மாற்றி உட்கார இன்னொரு ஆள் கிடைக்காமல் வெட்டிவேருக்கு அடுப்பு மூட்ட வேண்டாம்.